அவுரிப் பொடி

"மருதாணிப் பொடி ஒன்னு, அவுரிப் பொடி ஒன்னு குடுங்கக்கா. சீக்கிரம்லா."

சிலிபின் வட்டாரத்தில் இலைப்பொடிக் கடை வைத்திருக்கும் கோகிலாவுக்கு வியப்பாக இருந்தது. "எழுபது வயசுல அப்பாவுக்கு எதுக்குக்கா கறுப்பு முடி? இனிமே இதெல்லாம் அவருக்குக் குடுக்காதீங்க" என்று போன மாதம் சண்டை போட்டுவிட்டுப் போனவளே இந்தத் தவமலர்தான்.

"என்ன, அப்பா கெஞ்சிட்டாரா?"

"இல்லக்கா. நானேதான் பூசிவிடப் போறேன். நரையோட யார் கண்ணுலயும் படமாட்டாரு. வீட்டுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

"விசேஷமா? சொல்லவே இல்லையே! அவசரம்னா பெட்டி டை வாங்கிக்கலாமே, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"அது அப்பாவுக்கு அரிக்கும்க்கா."

கோகிலா சிரித்துக்கொண்டே பொட்டலங்களை எடுத்து வைத்தாள். "மருதாணிய அலசிட்டுத்தான் அவுரியப் பூசணும். நல்லா ஊறணும். அதுவரைக்கும் அசையாம இருப்பாரா மனுஷன்? வாசல்ல மோட்டார் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுறவராச்சே!"

தவமலர் பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இருப்பாருக்கா. நாலு மணிக்குத்தான் எடுக்கிறோம்."