வெள்ளிச் சிமிழ்

மில் முதலாளி சுந்தரராஜுலு நீட்டிய வெள்ளிச் சிமிழை லேப் டாக்டரம்மா திறந்து முகர்ந்தார். உள்ளே இருந்தது, அன்று மதியம் பல்லடத்திலிருந்து வந்து இறங்கிய மகள்வழிப் பேரனின் மலம். குழந்தைக்கு ரத்தபேதி.

"டெட்டால் வாசம் அடிக்குதுங்களே?"

"சுத்தமா இருக்கட்டும்னு நாந்தான் சிமிழை டெட்டால் ஊத்திக் கழுவுனேன் அம்மணி."

"டெட்டால்ல கிருமி செத்துப்போயிருமுங்க. அதை வளர்த்துப் பார்த்தாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும், சரியான மருந்து குடுக்க முடியும். வெள்ளியெல்லாம் வேண்டாமுங்க. ஒரு பாட்டிலைக் கொதிக்க வெச்சு, ஆறுன பொறவு அதுல புதுசா எடுத்துட்டு வாங்க. உடனே போங்க, குழந்தை தாங்காது."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. மில்லில் அவர் எதிரில் குரலை உயர்த்திப் பேச ஆள் கிடையாது. இங்கே அவர் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தார்.

வரிசையில் இருந்த உக்கடத்து ஜவுளிக்கடை கரீம் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க மொதலாளி, இத்தனை பேர் முன்னால அந்தம்மா உங்களை வெரட்டுது. நீங்க சிரிச்சுட்டே போறீங்க?"

"எங்க ஊட்டு மருமகளுங்க பாய். கலியாணமான நாள்ல இருந்து எம்முன்னால வந்து நின்னதில்லை. எதுன்னாலும் கதவுக்குப் பின்னால இருந்து பையன்கிட்டத்தான் சொல்லும்."

கார்க் கதவைத் திறந்தவர், ஒருமுறை லேப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குரல் நல்லாக் கணீர்னு இருக்குதுங்க."