தேனிலவுப் படங்களில் படகுக்காரர்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடி மேசைமேல் படங்கள் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கின்றன. வெளியே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போக, மேசை அதிர்கிறது. படங்களில் இருக்கும் அந்தமான் கடலும் சேர்ந்து நடுங்குகிறது. சுனாமிக்கு ஒரு வாரம் முன்னால்தான் ப்ரஹ்லாதும் அதிதியும் தேனிலவு முடிந்து திரும்பினார்கள். அந்தக் கரையில் இப்போது ஒரு குடிசைகூட இல்லை என்று டிவியில் காட்டிவிட்டார்கள். படங்களிலோ ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறார்கள், ஈர மணலில் பெயர் எழுதுகிறார்கள், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கக் கை கோத்து நிற்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு நிழல். முழங்கைகளை விரித்து, முகத்தருகே கேமராவைப் பிடித்திருக்கும் படகுக்காரரின் நிழல். "இன்னும் கிட்ட நில்லுங்க சார், உங்க சம்சாரம்தானே?" என்று சிரித்தவர். வெயில் இறங்க இறங்க நிழல் நீண்டு, கடைசிப் படத்தில் அதன் தலை இவர்கள் பாதத்தைத் தொடுகிறது. "அவர் பேரு கேட்டியா?" என்கிறாள் அதிதி. ப்ரஹ்லாத் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணான்னுதானே கூப்பிட்டோம். பேரு தெரியாம யார்கிட்டன்னு விசாரிக்கறது?" ஸ்டுடியோக்காரர் உமேஷ் அந்தப் படத்தின்மேல் ஸ்கேலை வைக்கிறார். "இந்த நிழல்தான் மேடம் கெடுக்குது. கீழே ஸ்வல்ப கட் பண்ணிட்டா நீங்க ரெண்டு பேரும் நீட்டா வருவீங்க." அதிதி ஸ்கேலை மெல்ல மேலே தள்ளுகிறாள், நிழலின் தலை முழுசாகத் தெரிய, தன் கணுக்கால் வரைக்கும். "எங்களைக் கட் பண்ணிடுங்க. இவரைப் பெருசு பண்ணிக் குடுங்க."