அந்தப் பதினோரு வரி

மேனேஜர் ராஜப்பன் என்ட்டர் பட்டனை அழுத்தப் போன நேரம் பார்த்து, புரோகிராமர் குல்ஷன் ஓடி வந்து டெர்மினலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

திரை இருண்டது. டெமோ பார்க்க பெங்களூரிலிருந்து ஓசூர் ஃபேக்டரிக்கு வந்திருந்த ஹெட் ஆபீஸ்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? எதுக்குப் பிடுங்கினே?" என்றார் ராஜப்பன்.

குல்ஷன் விருந்தாளிகளைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"கால் தடுக்கிடுச்சு சார்."

கையால் பிடுங்கியதை அறையே பார்த்தது. கால் தடுக்கிச்சாம்!

விருந்தாளிகளை டீக்கு அனுப்பிவிட்டு ராஜப்பன் பொரிந்து தள்ளினார்.

"உன் கோபம் எனக்குத் தெரியும்மா. உன் புரோகிராமை நான் சுருக்கிட்டேன்ல, அதான்! பழைய ஃபைலை அழிக்கிறதுக்கு இத்துனூண்டு சி புரோகிராம். எந்த டைரக்டரின்னு அதோட பாத்தை, அதாவது விலாசத்தை, கேக்கணும், அழிக்கணும். அதுக்குப் போய் பாத் நீளமா இருக்கா, காலியா இருக்கான்னு ஒரு வண்டி வரி! காலையில பதினோரு வரியைத் தூக்கினேன்."

"அந்தப் பதினோரு வரி வேணும் சார். பாத்துல வெறும் சாய்கோடு மட்டும் போச்சுன்னா மொத்த மெஷினும் அழிஞ்சிடும். டிராயிங், ஆர்டர், ஒண்ணும் மிஞ்சாது."

"வெறும் கோட்டை எந்த மடையன் அடிப்பான்?"

குல்ஷன் கீபோர்டைப் பார்த்தாள்.

"உனக்குப் பர்மனென்ட் லெட்டர் இன்னைக்குத்தான் போடறதா இருந்தேன். இனி மெமோதான்!"

பேப்பரை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டார். மனுஷன் டீ டோக்கனில்கூட சுழி போடாமல் கையெழுத்துப் போட மாட்டார்.

குல்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். தளியிலிருந்து தினம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஒன்றரை வருஷமாக அந்த லெட்டருக்குக் காத்திருந்தவள். பாவம்.

ஆபரேட்டர் ஆஞ்சப்பன் அந்தப் புரோகிராமின் பழைய பிரின்ட்அவுட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்க தூக்கின பதினோரு வரிக்கு மேல அந்தப் பொண்ணு ஒரு குறிப்பு எழுதியிருக்கு. படிச்சீங்களா?"

"குறிப்பெல்லாம் யாருய்யா படிக்கிறது?" என்றபடி படித்தார்.

'முதலில் ஒரு சாய்கோடும் இடைவெளியும் வந்தால் அதைத் தள்ளிவிட்டு, அடுத்து வருவதை எடுத்துக்கொள்ளவும். அது பாத் அல்ல. கீபோர்டில் உ இல்லாததால் சார் போடும் பிள்ளையார் சுழி.'

ராஜப்பனுக்கு வேர்த்துவிட்டது. சற்றுமுன் அடித்தது ஞாபகம் வந்தது. முதலில் கோடு, ஒரு இடைவெளி, அப்புறம்தான் டைரக்டரி பெயர்.

"இடைவெளி வரைக்கும்தான் மெஷின் படிக்கும் சார்," என்றார் ஆஞ்சப்பன். "ஹெட் ஆபீஸ்காரங்க முன்னாடி சொல்ல முடியல. அப்புறம் நீங்களே 'எந்த மடையன்'னு கேட்டுட்டீங்க, எப்படிச் சொல்லும் அந்தப் பொண்ணு?"

ராஜப்பன் மெமோவைக் கிழித்தார். புதுப் பேப்பரில் பர்மனென்ட் லெட்டரை எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

குல்ஷன் அழுதுகொண்டே சிரித்தாள். "சார், இனிமே கீபோர்டுல மட்டும் சுழி போடாதீங்க சார்."

"அதெப்படிம்மா விட முடியும்?" என்றார் ராஜப்பன். "நீதான் பர்மனென்ட் ஆயிட்டியே, அந்தப் பதினோரு வரியையும் பர்மனென்ட் ஆக்கிடு!"