இத்ரீஸின் ஜனாஸா

கடைசிக் குவளைத் தண்ணீரில் சுலைகா கற்பூரம் கரைத்திருந்தாள்.

அதைக் கணவரின் தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள். பிறகு துணியால் ஒற்றி எடுத்தாள். விரல் இடுக்குகளில்கூட ஈரம் நிற்கவிடவில்லை.

குளிப்பாட்ட வேறு யாரும் வரவில்லை.

வாசலில் அபூசாலிஹ் நின்றுகொண்டிருந்தார். இறந்துபோன இத்ரீஸின் அண்ணன். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேராக வந்திருந்தார்.

ஊர் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்ததைச் சொன்னார். இத்ரீஸ் தனக்குக் கடவுள் இல்லை என்று ஊரறியச் சொன்னவன். இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை அவனுக்கு வைக்க முடியாது. மையவாடியில் அடக்கம் செய்யக் குழியும் கிடையாது. ஆனால் கடைசி மூச்சில் இறைவன் ஒருவனே என்று கலிமா சொல்லியிருந்தால், அது வேறு. காதால் கேட்டவர் ஒருவர் வந்து சொன்னால் போதும்.

நேற்று சாயங்காலம் உயிர் போகும்போது இத்ரீஸின் அருகில் இருந்தது சுலைகா மட்டும்தான்.

கடைசியாக என்ன சொன்னான் என்று அபூசாலிஹ் கேட்டார்.

"புரட்டிப் படுக்கவைன்னாக."

அபூசாலிஹின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உயிர் பிரியும் நேரத்தில் முகத்தை மேற்கே, கிப்லா பக்கம் திருப்பிக் கிடத்துவது வழக்கம். தம்பி அதைத்தான் கேட்டிருக்கிறானோ?

"எந்தப் பக்கம்?"

"கெழக்கே, மச்சான். மேக்க வெயிலு மூஞ்சில அடிச்சுது."

அபூசாலிஹ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

மேற்கே என்று சொல்லிவிடும்படி கேட்டார். அந்த ஒரு சொல் போதும், மற்றதைத் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அதன் பாவம் தன் கழுத்தில் இருக்கட்டும் என்றார். தம்பி நெருப்பில் கிடப்பதாகப் பல வருடங்களாகக் கனவு காண்கிறவர் அவர்.

சுலைகா ஐந்து வேளையும் தொழுகிறவள். இத்ரீஸ் ஒருநாளும் தடுத்ததில்லை. நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவளை எழுப்பிவிட்டதே அவர்தான்.

அவள் உடலைச் சுற்றும் கஃபன் துணியை விரித்தாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் அவுக யாரையும் ஏமாத்தல. இப்ப என் வாயால ஏமாத்தணுமா?"

அபூசாலிஹ் உள்ளே வந்தார். துணியின் மறுமுனையைப் பிடித்தார்.

வீட்டுக்குப் பின்னால் இத்ரீஸின் தென்னந்தோப்பு. முத்துராசும் அவர் தம்பியும் அங்கே குழி வெட்டியிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், இத்ரீஸோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள். உடலைத் தூக்கிப்போய்க் குழியருகே பாயில் கிடத்தினார்கள். பிறகு ஒற்றையடிப் பாதையில் விலகிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள்.

மண் தள்ளிவிட்டுப் போய்விடுவேன் என்றுதான் அபூசாலிஹ் சொல்லியிருந்தார். நம்பாமல் செத்தவனுக்குத் தொழக்கூடாது என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவர்.

சுலைகா பின்கட்டு ஜன்னலில் நின்றாள்.

அபூசாலிஹ் வெள்ளைத் துணியைப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம்.

பிறகு தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டினார். மேற்கே திரும்பினார். கைகளை உயர்த்தினார்.

தன்னந்தனியாக.

காற்று நின்றுபோயிருந்தது. ஓலை அசையவில்லை. அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் மட்டும் கேட்டது.

இரண்டாவது தக்பீரில் அவர் ஓரடி முன்னால் வைத்தார்.

தொழுகையில் யாரும் அப்படி நகர்வதில்லை.

கொஞ்சம் கழித்து இன்னும் ஓரடி. பெருநாள் கூட்டத்தில் பின்னால் ஆள் சேரச்சேர முன்னால் நிற்பவர்கள் நகர்ந்து கொடுப்பார்களே, அப்படி.

கிணற்றடியில் முத்துராசு எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தம்பியின் தோளைப் பிடித்துப் பாதையைவிட்டு ஒதுக்கினார்.

பாதையில் யாரும் வரவில்லை.

சுலைகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உச்சி வெயிலில் கிடந்த கம்பி. தொட்டால் சில்லென்றிருந்தது.

அபூசாலிஹின் கால்விரல்கள் இப்போது கஃபனைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குமேல் அவர் நகரவில்லை. தோள்களை ஒடுக்கிக்கொண்டார். நாலாவது தக்பீர் சொன்னார். தலை குனிந்தபடியே, முழுதாகத் திரும்பாமல், முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் லேசாக அசைத்து ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார்.

முடிந்தபிறகும் அப்படியே நின்றார். ஓலைகள் மறுபடி அசையும்வரைக்கும் நின்றார்.

மூவருமாக உடலைக் குழியில் இறக்கி மண் தள்ளினார்கள்.

அபூசாலிஹ் பின்வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பள்ளியிலேருந்து யாரெல்லாம் வந்தாக?"

யாரும் வரவில்லை என்றாள். அவர் மட்டும்தான் நின்றார் என்றாள். சொல்லும்போது, சொல்வது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வலது தோளைத் தடவினார். பிறகு இடது தோளை. சட்டை இரண்டு தோளிலும் கசங்கிப்போயிருந்தது.

"ஸலாம் கொடுத்தப்போ திரும்பிப் பாக்கலையா, மச்சான்?"

"திரும்ப எடமில்ல, புள்ள."