இன்னும் ஒரு சொட்டுச் சிவப்பு

“இன்னும் ஒரு சொட்டு விடுங்க. வெளிறிப்போய்க் கிடக்கு,” என்றாள் என் மனைவி.

படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நான் பூசிக் காட்டிய ரோஜா நிறத்தைத்தான் சொன்னாள்.

“ஏற்கெனவே மூணு சொட்டு விட்டாச்சு. இன்னும் விட்டா சர்க்கஸ் கூடாரத்துல படுத்த மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டுமே. பக்கத்துல கோமாளிதானே படுத்திருக்காரு.”

விட்டேன்.

நான் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன். உதிர்ந்த சுவர்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுப்பேன். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

கடைக்கு வருபவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வேன். நிறத்தை உள்ளே வைத்துப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள சுவரின் சாயல் அதில் ஏறிவிடும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வீட்டிலும் இதை நூறு முறை சொல்லியிருப்பேன். அவள் கொட்டாவி விடுவாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைப் பூசி முடித்தோம். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். பெயின்ட் நெடி என்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு தொடங்கியது. கடைசித் தேர்வன்று மனைவியின் அக்கா வந்தாள்.

கதவைத் திறந்த தங்கையைப் பார்த்ததும் அக்காவின் கையிலிருந்த பை நழுவியது.

“என்னடி இது, சுண்ணாம்பு மாதிரி நிக்கிறே?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “தினம் பாக்கிறீங்களே, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

வாசல் வெயிலில் அப்போதுதான் பார்த்தேன். உதடு எது, கன்னம் எது என்று பிரிக்க முடியவில்லை.

மருத்துவர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ரத்தப் புற்று. அதன் பிறகு பதினோரு நாள்தான் இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, நிற மாதிரிப் புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். ரோஜா நிறங்கள் இருந்த பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ‘தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற வரிக்குக் கீழே யாரோ இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

தேதியைப் பார்த்தேன். அறைக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று அவள் பேச்செடுத்ததற்கு இரண்டு நாள் முன்பு.

தாளின் பின்பக்கம் மகளின் தேர்வு நாட்களை வரிசையாக எழுதியிருந்தாள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசி நாள் மட்டும் அடிபடாமல் இருந்தது.

மகளிடம் காட்டவில்லை.

காலையில் அந்த ரோஜா நிற அறையில்தான் சவரம் செய்கிறேன். கண்ணாடியில் என் முகம் இன்றும் நல்ல நிறமாகத்தான் தெரிகிறது.