வரிசையில் போன நொய்யரிசி

பட்டாளத்தில் புதுசாய்ச் சேர்ந்த கடுகன் எறும்புக்கு ஒரே கவலை. மழைக்கு முன்னால் அம்மாவின் வளைமேல் கவிழ்க்க ஒரு கொட்டாங்குச்சி வேண்டும். அது கடைக்கார அணிலிடம்தான் இருந்தது.

"கடனாக் குடுங்கக்கா. ரேஷன்ல வர்ற நொய்யரிசியை வாராவாரம் குடுத்து அடைச்சிடறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் கைநீட்டினதில்லை," என்றான் பெருமையாக.

"அதான் தம்பி பயமா இருக்கு. நீ திருப்பிக் குடுத்து யாருமே பார்த்ததில்லையே," என்றது அணில். "முதல்ல ஒரே ஒரு நொய் வாங்கிட்டுப் போ. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அது திரும்பி வந்தா, கொட்டாங்குச்சியைக் கடனாத் தர்றேன்."

வாங்கியதைத் தின்றான். ரேஷன் வந்ததும் முதல் வேலையாய் ஒரு நொய்யை எடுத்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை பார்த்து எல்லைக்குப் புறப்பட உத்தரவு வந்தது. வரிசையை விட்டு விலகக்கூடாது. அவனோ கடைசி ஆள். வரிசையின் தலை அணில் கடையை நெருங்கிவிட்டது. வால் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும்.

கடுகன் முன்னால் போனவனைத் தட்டினான். "அண்ணே, இது அணிலக்காவுக்கு. முன்னால தள்ளுங்க."

"நடுவுல எவனாவது முழுங்கிட்டா?"

"எங்கம்மா நனைவாங்கண்ணே."

அவன் வாங்கி முன்னால் நீட்டினான். நொய் வாய்க்கு வாய் மாறி வளைவில் மறைந்தது. கடுகனுக்குக் கால்கள் தப்புத் தப்பாய் விழுந்தன.

பொழுது சாயும்போது தலையிலிருந்து ஒரு சேதி, வாய்க்கு வாய் சிரிப்போடு வந்து சேர்ந்தது. "கடுகா, கொட்டாங்குச்சியை அக்காவே உங்கம்மா வளைக்கு உருட்டிட்டுப் போறாங்களாம். வாராவாரம் பட்டாளத்தையே இப்படி வேலை வாங்குவியான்னு கேக்கறாங்க."

"ஆமான்னு சொல்லுங்கண்ணே," என்றான் கடுகன்.

பதில் முன்னால் ஓடியது. முதல் தூறல் விழுந்தது.