உள்ளூரில் ஆள் இல்லை

டெஸ்ரி அந்த விண்ணப்பத்தை மூன்றாவது முறையாகப் பிரித்துப் படித்தாள்.

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களின் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மேசை அவளுடையது. இந்த ஒன்பது வருடத்தில் டாக்டர் எல்சினின் வேலைக்கான விளம்பரத்துக்குப் பதில் வந்ததே இல்லை.

வரக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட விளம்பரம் அது.

டாக்டர் எல்சின் அஜர்பைஜான்காரர். டிரினிடாடின் சேற்று எரிமலைகளை ஆராய்பவர். அவர் தொடர்ந்து இங்கே வேலை செய்ய வேண்டுமானால், உள்ளூரில் தகுதியான ஆள் இல்லை என்று பல்கலைக்கழகம் காட்ட வேண்டும். அதற்காக மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாளிதழ்களில் விளம்பரம். வாசகத்தை அவரே எழுதிக் கொடுப்பார், தன் உடம்புக்குச் சட்டை தைத்துக்கொள்வது மாதிரி. எட்டு வருட அனுபவம். வாயுக்களைப் பகுப்பாய்வு செய்யும் பயிற்சி. ரஷ்ய மொழி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முறை சட்டை இன்னொருவருக்கும் பொருந்தியிருந்தது.

ஜே. பியர். பிறந்த ஊர் இதே தீவின் சான் ஃபெர்னாண்டோ. கேட்ட தகுதி அத்தனையும் இருந்தது. ரஷ்ய மொழிகூட.

யார் இது? இத்தனை நாள் எங்கே இருந்தார்? அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து டெஸ்ரிக்கு வேறு வேலை ஓடவில்லை.

பத்து மணிக்கு எல்சினே வந்துவிட்டார். அவளுக்கும் சேர்த்து, பூரிக்குள் கடலைக்கறி வைத்த டபுள்ஸ் வாங்கி வந்திருந்தார், மிளகாய் தூக்கலாக.

"உங்க வேலைக்கு ஒருத்தர் விண்ணப்பம் போட்டிருக்காரு, டாக். எல்லாம் சரியா இருக்கு."

அவர் சிரித்தார். "காலங்காத்தால பயமுறுத்தாதீங்க, மிஸ் டெஸ்ரி. இந்தத் தீவுல இதைப் படிச்சவங்க யாரு இருக்கா? ஒரு பேரு சொல்லுங்க, பாப்போம்."

பெயரைச் சொல்ல விதியில் இடமில்லை.

"விளையாட்டில்ல டாக். அவரு நேர்காணல்ல தேறிட்டா, ஜூலையோட நீங்க பெட்டி கட்ட வேண்டியதுதான்."

சிரிப்பு நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் டெஸ்ரி. "வீட்ல இருக்காங்கல்ல, நம்ம ஊர்ப் பொண்ணு, அவங்களைக் கட்டிக்கிட்டிருந்தா இங்கயே தங்குற உரிமை கிடைச்சிருக்கும். இந்த விளம்பரக் கூத்தே வேண்டாம். ஒன்பது வருஷமாவா ஒரு மனுஷன் நாளைக்கு நாளைக்கும்பாரு?"

"அவ எங்க போயிடப் போறா? வீடு, தோட்டம், என் கட்டுரையெல்லாம் திருத்திக் குடுக்கறது... அவளுக்கு அதுக்கே பொழுது சரியாப் போகுது."

டெஸ்ரி புதுப்பிக்கும் படிவத்தை எடுத்தாள். எப்படியும் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

"வீட்டு முகவரி?"

"துனபூனா. சமான் தெரு, பதினேழு."

எழுதிக்கொண்டே வந்த பேனா நின்றது.

விண்ணப்பம் வந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். அனுப்பியவர் முகவரியிலும் அதே தெரு. அதே பதினேழு.

உறையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

எல்சின் மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "பேரு வேண்டாம். அந்த ஆளு எங்க இருக்கான்னாவது சொல்லுங்க. ரொம்பத் தூரமா?"

"இல்ல டாக்," என்றாள். "பக்கத்துலதான்."